ஓர் அலுமாரி, நாற்பது புத்தகங்கள்: உங்கள் கையிலிருந்து எதைத் தருவீர்கள்?

டிக்கோயா ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறேன். பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். புதிய பிள்ளைக் காம்பரா (வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) கட்டப்பட்ட பிறகு எங்கள் தோட்டத்தின் பழைய பிள்ளைக் காம்பரா மூன்று வருடங்களாகப் பூட்டியே கிடந்தது. கடந்த தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து ஊருக்கு வந்த பிள்ளைகள் அதைக் கழுவி, வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு வைத்த ஓர் அலுமாரியையும் இரண்டு வாங்குகளையும் கொண்டுவந்து போட்டு, சுவரில் ‘வாசிகசாலை’ என்று பெயரும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். புத்தகம் வாங்குவதற்கென்று 60,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. இந்தியப் பதிப்புகள் இங்கே விற்கும் விலைக்கு நாற்பது புத்தகங்கள் கிடைத்தாலே பெரிய காரியம்.

எதை வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் மூவரிடம் கேட்டேன். மூவரும் பட்டியல் தந்தார்கள். மூன்று பட்டியல்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கேட்டுப் பார்த்தபோது, அவற்றில் பாதியை அவர்களே வாசித்திருக்கவில்லை என்பதும் தெரிய வந்தது. ஆகவே உங்களிடம் வேறு விதமாகக் கேட்கிறேன். நீங்களே இரண்டு தடவையாவது வாசித்த புத்தகத்தை மட்டும் சொல்லுங்கள். அதை யாருக்காவது கொடுத்தீர்களா, கொடுத்தால் அவர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள். நாவல், சிறுகதை, கவிதை, விஞ்ஞானம், பயணம், துப்பறியும் கதை, அகராதி என்று எந்த வகையாக இருந்தாலும் சரி.

வாசிக்கப் போகிறவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயர்தரம் படிக்கும் பெண் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, காலையில் ஒரு தேத்தண்ணீரோடு பத்திரிகையை விளம்பரம் வரைக்கும் வாசித்து முடிக்கும் தாத்தாமார் சிலர் இருக்கிறார்கள். கையில் தொலைபேசியோடு மதகில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கொழுந்தின் அந்தி நிறுவை முடிந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்க்கும் அக்காமாரும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தாமே வாசிப்பதை விட, யாராவது வாசிக்கக் கேட்பதையே விரும்புகிறார்கள்.

என்னுடையதை முதலில் சொல்கிறேன்: உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காக ஒரு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவை அம்மாவுக்காகச் சத்தமாக வாசித்தேன். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது என்பதால் அத்தியாயங்கள் சிறியவை. அம்மா சுளகில் அரிசி புடைத்து முடிப்பதற்கும் நான் ஓர் அத்தியாயம் முடிப்பதற்கும் சரியாக இருக்கும். படிப்புக்காக ஊர் ஊராக அலைந்த பிள்ளையின் கதை என்பதால் அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. 1942 இல் ஐயர் மறைந்துவிட்டதால் வரலாறு நடுவழியில் நின்றுவிடுகிறது என்பதை நான் முன்கூட்டியே சொல்லவில்லை. கடைசி அத்தியாயம் முடிந்ததும், ‘மிச்சம் எங்கே?’ என்று கேட்டார். மிச்சம் இல்லை என்றேன். முடியாத கதையை எதற்காகத் தொடங்கினாய் என்று இரண்டு நாட்கள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

தேயிலைப் பெட்டி எழுதியது:

டீச்சர், நான் முப்பத்தாறு வருடங்கள் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன, விளம்பரம் வரைக்கும் வாசிக்கும் தாத்தாமார் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால் உரிமையோடு எழுதுகிறேன்.

முதலில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. எல்லோரும் சொல்லும் புத்தகம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். எல்லோரும் வாசித்துவிட்டுச் சொல்லும் புத்தகம் அது ஒன்றுதான். நான் நான்கு தடவை வாசித்திருக்கிறேன். நம்முடைய ஆட்களுக்கு அதில் தனியாக ஒரு சுவை இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் கடல் கடந்து இலங்கைக்கு வருகிறான். மாதோட்டம், தம்பள்ளை, அனுராதபுரம் என்று கதை நகர்கிறது. தம்பள்ளை என்பது மாத்தளையைத் தாண்டிப் போனால் வருகிற நம்முடைய தம்புள்ளைதான். எங்கள் டிவிசனில் வேலை செய்த ஒருவருக்கு இந்தப் பாகத்தைக் கொடுத்தேன். வாசித்து முடித்துவிட்டு, அடுத்த சம்பளத்தில் குடும்பத்தோடு தம்புள்ளைக்குப் போய்வந்தார். வந்தவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, வந்தியத்தேவனுக்கு அங்கே பஸ் நிலையத்தில் நாம் கொடுத்தது போல் யானை விலை கொடுத்துத் தேத்தண்ணீர் குடிக்க நேர்ந்திருக்குமா என்பதுதான்.

இதை வாங்கும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடுகிறார்கள். மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால் எழுத்து எறும்பு போல இருக்கும், கட்டு இரண்டாம் வாசகரின் கையிலேயே கழன்றுவிடும். தாத்தாமாரின் கண்ணை நினைத்து, கொஞ்சம் பெரிய எழுத்துப் பதிப்பாக எடுங்கள். அடுத்தது, ஐந்து பாகங்களையும் ஒன்றாக வாங்குங்கள், இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். என் அனுபவத்தில் இரவலில் போய்த் திரும்பாதது எப்போதும் மூன்றாம் பாகம்தான். ஏனென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

துப்பறியும் கதைக்கு சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. கணேஷ், வசந்த் இருவரும் ஒரு பழைய மாளிகைக்குப் போகிறார்கள். அங்கே நடப்பது பேய் வேலையா, விஞ்ஞான வேலையா என்று கடைசி வரைக்கும் இழுத்துச் செல்கிறார். முதன்முறை அதை நான் மழைக்காலத்தில், குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தபோது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசித்தேன். நடுவில் தேயிலை ஸ்டோர் சங்கு ஊதியதும் புத்தகம் கையிலிருந்து விழுந்துவிட்டது. உங்கள் மதகு இளைஞர்களிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். முதல் நாற்பது பக்கங்களைத் தாண்டிவிட்டால் தொலைபேசி தானாகவே பக்கத்தில் போய்விடும்.

‘என் சரித்திரம்’ பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. நீங்கள் கேட்கும் கேள்வியே அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. 1880 ஆம் ஆண்டு, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஐயர், அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று தாம் கற்றவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்கிறார். அந்த ஒரு கேள்வியால் ஐயர் ஏட்டுச் சுவடிகளைத் தேடப் புறப்பட்டு, 1887 இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதன் பிறகே பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அவர் கையால் அச்சேறின. ஒருவர் இன்னொருவருக்கு ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னதால் நடந்தது இது. முதலியாரும் ஒரு பட்டியலை நீட்டிவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்று. டிக்கோயாப் பக்கம் ஆனி, ஆடி மழையில் புத்தகம் என்ன பாடுபடும் என்பது உங்களுக்குத் தெரியும். என்னுடைய புத்தகங்களை நான் பழைய தேயிலைப் பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். உள்ளே ஒட்டிய ஈயத்தாள் கிழியாமல் இருந்தால், தேயிலைக்குள் போகாத ஈரம் புத்தகத்துக்குள்ளும் போகாது. அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி, செங்கல்லின் மேல் ஏற்றி வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் மத்தியானம் கதவைத் திறந்து விடுங்கள். இதைச் செய்யாமல் நாற்பது புத்தகங்கள் வாங்கினால், அடுத்த வருடம் நாற்பது பூஞ்சணம்தான் மிஞ்சும்.

ஊவாக் காற்று எழுதியது:

பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். ஐயா சொன்ன புத்தகங்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஒரு தோட்டத்து வாசிகசாலை சோழ நாட்டில் தொடங்கி மாளிகைப் பேயில் முடிவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பழைய பிள்ளைக் காம்பராவில் வைக்கும் அலுமாரியின் முதல் தட்டில், அந்தக் காம்பராவில் வளர்ந்தவர்களைப் பற்றிய புத்தகங்கள் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நான் சொல்வது என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’. சிறிய தொகுப்பு. எத்தனை தடவை வாசித்தேன் என்று எண்ணியதில்லை. முப்பது வருடங்கள் கொழுந்து எடுத்த என் சித்திக்கு, அவர் கண்ணில் சத்திர சிகிச்சை செய்து வீட்டிலிருந்தபோது, தலைப்புக் கதையை வாசித்துக் காட்டினேன். கதை என்றால் ராசா ராணி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். கொழுந்து மலையும் நிறுவையும் கணக்கப்பிள்ளையும் கதைக்குள் வந்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ‘இதையெல்லாமா புத்தகத்தில் எழுதுவார்கள்?’ என்று கேட்டார். பிறகு என்னை வாசிக்க விடவில்லை. ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டே தான் எடுத்த கொழுந்தில் தண்ணீருக்கென்று கிலோக் கணக்கில் கழித்ததையும், தனக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் மட்டும், போட்டதையும், அன்று பேசாமல் வந்ததை நினைத்து இன்னமும் நெஞ்சு எரிவதையும் ஒரு மணித்தியாலம் சொன்னார். அதற்கு முன் அவர் அதை வீட்டில் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கதையின் மீதியை மறுநாள்தான் வாசித்து முடித்தேன்.

அடுத்தது தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’. பதுளைப் பக்கத்தில் பிறந்தவர், தாம் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர். 2022 இல் காலமானார். கோபமாக எழுத வேண்டிய இடத்திலும் ஒரு சின்னச் சிரிப்போடு எழுதுவார். அந்தச் சிரிப்புத்தான் பிறகு உறுத்தும். நாவலுக்குக் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964). தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் தூரத்தில் கண்ட பச்சை கிட்ட வந்ததும் என்னவாயிற்று என்பதுதான் கதை. பாட்டிமார் இருக்கும் வீட்டுக்கு இதைக் கொடுத்தால், புத்தகத்தோடு அவர்களின் கதையும் சேர்ந்து திரும்பி வரும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ கிடைத்தால் விடாதீர்கள். அது வாசிக்கும் புத்தகமே அல்ல. அந்தி நிறுவை முடித்து வரும் அக்காமாரிடம் ஒரு பாட்டின் முதல் அடியைச் சொன்னால் போதும், அடுத்த அடியை அவர்களே பாடுவார்கள். உங்கள் பக்கத்தில் வேறு மாதிரிப் பாடுவார்களாக இருந்தால், அந்த மாற்றத்தையும் அதே பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு செய்தியையும் சேர்க்கிறேன். மலையகத்தைப் பற்றிய எழுத்து நேற்று முளைத்தது என்று அவர்கள் நினைக்கக் கூடாது. ஆபிரகாம் ஜோசப் என்பவரின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869 இல் அச்சாகியிருக்கிறது. கோப்பித் தோட்ட வேலையைக் கும்மிப் பாட்டாகச் சொல்வது அது. இலங்கைக் கோப்பியை அழித்த இலைநோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே 1869 இல்தான். கும்மியடிக்கத் தொடங்கும்போதே பயிருக்கு நோய் பிடித்துவிட்டது. தோட்டக்காரர்களின் பக்கத்தில் நின்று பாடும் பாட்டு அது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டு வாசிக்கப் பழகுவார்கள்.

மஸ்கெலியா மாணவன் எழுதியது:

ஊவா அக்காவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. நான் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) பிறந்து, இப்போது பேராதனையில் விஞ்ஞானம் படிக்கிறேன். பத்து வயதில் எனக்கு யாராவது லயத்தைப் பற்றிய கதைப் புத்தகம் தந்திருந்தால், நான் வாசிப்பையே விட்டிருப்பேன். இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) ஒழுகும் தண்ணீருக்கு வாளி வைத்துவிட்டு வந்து உட்காரும் பிள்ளைக்கு, இஸ்தோப்பில் தண்ணீர் ஒழுகும் கதை எதற்கு? அவனுக்குக் கடல் வேண்டும், பாலைவனம் வேண்டும், நட்சத்திரம் வேண்டும். அந்தப் புத்தகங்களை நானும் பின்னர் வாசித்தேன். மலையை விட்டு வந்த பிறகுதான் வாசிக்க முடிந்தது.

எனக்குக் கடலைக் காட்டியது ‘மடோல் தூவ’. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947 இல் சிங்களத்தில் எழுதியது, தமிழிலும் வந்திருக்கிறது. உபாலி, ஜின்னா என்ற இரண்டு பொடியன்கள் வீட்டை விட்டு ஓடி, களப்பு நடுவில் உள்ள ஒரு தீவில் போய்த் தோட்டம் செய்கிறார்கள். அதை வாசித்துவிட்டு நானும் என் நண்பனும் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தெரியும் ஒரு திட்டுக்குப் போவதற்குத் திட்டம் போட்டு, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு புறப்பட்டு, கரையிலேயே அதைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். தரம் 6 முதல் 9 வரை உள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது. சிங்களப் பிள்ளைகளும் அதே வயதில் அதே புத்தகத்தைத்தான் வாசிக்கிறார்கள் என்பது பின்னர் பல்கலைக்கழக விடுதியில் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. என் அறை நண்பனுக்கும் எனக்கும் பொதுவாக இருந்த முதல் பேச்சே ஜின்னாவைப் பற்றியதுதான்.

விஞ்ஞானத்துக்கு சுஜாதாவின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’. வாசகர் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும். சில பதில்கள் இப்போது பழசாகிவிட்டன. ஆனால் ஒரு கேள்வியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பது பழசாகவில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அங்கிருந்தே வாசிக்கலாம் என்பதால், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களுக்கும் ஏற்றது.

டீச்சருக்கென்றே ஒரு புத்தகம் சொல்கிறேன்: சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. மெல்லிய புத்தகம், இரண்டு அந்திகளில் முடிந்துவிடும். கிர்கீசிய மலைக் கிராமத்துக்கு, தானே எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த துய்ஷேன் என்ற இளைஞன் வந்து, பழைய குதிரைத் தொழுவம் ஒன்றைக் கூட்டிப் பெருக்கிப் பள்ளிக்கூடம் நடத்துகிறான். குளிரில் ஓடையைக் கடக்க முடியாத பிள்ளைகளைத் தோளிலும் கையிலும் தூக்கிக்கொண்டு போகிறான். குதிரைத் தொழுவம் என்ற இடத்தில் பிள்ளைக் காம்பரா என்று போட்டு வாசித்துப் பாருங்கள். இது மலையகக் கதை இல்லை என்று ஊவா அக்கா சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

சிரிக்க வேண்டுமானால் அ. முத்துலிங்கத்தின் ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’. கொக்குவிலில் பிறந்து, ஆப்பிரிக்கா எல்லாம் சுற்றி, கனடாவில் வாழ்கிறவர். எது நடந்தது, எது கலந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. என் அப்பா நகைச்சுவைப் புத்தகம் என்றால் முகம் சுளிப்பவர். இதை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டு, அவருக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பணத்தை மிச்சம் பிடிக்க ஒரு வழியும் உண்டு. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் இலங்கையில் வெளியான தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. கடையில் கிடைக்காத பழைய மலையகப் புத்தகங்கள் பலவற்றை நான் அங்கேதான் வாசித்தேன். மதகில் இருக்கும் இளைஞர்களின் தொலைபேசியைப் பறிக்காமல், அதிலேயே ஒரு புத்தகத்தைத் திறந்து கொடுங்கள்.

கடைசியாக ஒன்று: தயவுசெய்து அலுமாரிக்குப் பூட்டுப் போடாதீர்கள். நான் படித்த பாடசாலை ஒன்றில் அலுமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தன. சாவி ஒருவரிடம் இருந்தது. அவர் இடமாற்றம் பெற்றுப் போனபோது சாவியும் கூடவே போய்விட்டது. கண்ணாடி வழியாக முதுகுப் பெயர்களை வாசித்து வாசித்தே எனக்கு அந்தப் புத்தகங்கள் எல்லாம் மனப்பாடம். ஒன்றையாவது திறந்து பார்த்ததில்லை.

ஊவாக் காற்று மீண்டும் எழுதியது:

தம்பி, மறுப்பை ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த வாளியை நினைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பத்து வயதுப் பிள்ளைக்குக் கடலைக் கொடுங்கள், சரி. என் சித்திக்கு வயது அறுபத்திரண்டு. அவருக்குக் கடல் வேண்டியிருக்கவில்லை. ‘முதல் ஆசிரியரை’ நானும் வாசித்திருக்கிறேன். அதை என் தட்டிலேயே வைக்கலாம்.

வெள்ளவத்தைத் தங்கச்சி எழுதியது:

நான் பொகவந்தலாவைப் பிள்ளை. கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். நீங்கள் எல்லோரும் எழுதியதைப் போல் எனக்கு எழுத வராது. நான் சொல்வது கதைப் புத்தகம் இல்லை, ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’. எங்கள் கடை முதலாளியின் மகளிடம் ஒரு பழைய பிரதி இருந்தது. வியாபாரம் இல்லாத மத்தியான நேரங்களில் ஒரு பக்கம் வாசிப்பேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கதை மாதிரி இருக்கும். 2008 இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து இலங்கை வழக்குச் சொற்களையும் சேர்த்திருக்கிறார்கள். கொழும்புக்கு வந்த புதிதில் நான் பேசுவதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். நாம் பேசும் சொல் ஒன்று அச்சில், பொருளோடும் வாக்கியத்தோடும் இருப்பதைப் பார்த்த நாளில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். விலை கூடிய புத்தகம்தான். நாலைந்து பேர் சேர்ந்தால் வாங்கிவிடலாம். நான் 2,000 ரூபாய் தருகிறேன். டீச்சர், எப்படி அனுப்புவது என்று சொல்லுங்கள்.

டிக்கோயா ஆசிரியை மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். தவணைப் பரீட்சை, அதன் பிறகு கொழும்புப் பயணம், அதன் பிறகு எனக்குக் காய்ச்சல்.

இதுவரை இருபத்தாறு புத்தகங்கள் வாங்கியிருக்கிறேன். ஐயா சொன்னபடி ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும் பெரிய எழுத்தில் கிடைத்தன. பணத்தில் ஒரு பெரிய துண்டை அதுவே விழுங்கிவிட்டது. ‘ஒரு கூடைக் கொழுந்து’ கடையில் கிடைக்கவில்லை. தம்பி சொன்ன இணையத்தளத்தில் தேடச் சொல்லி உயர்தரப் பிள்ளை ஒருத்தியிடம் விட்டிருக்கிறேன். தங்கச்சி, அகராதிக்கு இங்கே ஏற்கெனவே ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள்; உங்கள் பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்கு வரும்போது அதில் ஒரு பக்கத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினால் போதும்.

எதை முதல் தட்டில் வைப்பது என்ற வழக்கை என்னால் தீர்க்க முடியவில்லை. ‘மடோல் தூவ’வும் ‘தூரத்துப் பச்சை’யும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, அகர வரிசைப்படி அடுக்கினால் அப்படி வராது என்று ஒரு பிள்ளை சுட்டிக் காட்டினாள். ஐயா சொன்ன ஒரு சாண் இடைவெளியை விட்டிருக்கிறோம். செங்கல்லுக்குப் பதிலாகப் பழைய தேயிலைப் பெட்டியின் பலகையைக் கீழே கொடுத்திருக்கிறோம். சுவர்ப்பக்கம் கையை விட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கிறது, புத்தகத்தின் முதுகில் இல்லை. அலுமாரிக்குப் பூட்டு இல்லை. இரவல் எழுதுவதற்கு ஒரு சீ. ஆர். கொப்பியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு ‘முதல் ஆசிரியரை’ வாசித்து முடித்துவிட்டேன். தொடங்குவதற்கு முன்னரே கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். இது முடிகிற கதைதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே சுளகைக் கையில் எடுத்தார்.

தேயிலைப் பெட்டி ஐயாவுக்கு மட்டும் ஒரு செய்தி. மூன்றாம் பாகம் நேற்று அந்தியில் இரவலில் போய்விட்டது. எடுத்துப் போனவர் முதல் இரண்டு பாகங்களையும் இன்னும் தொடவில்லை. ஏன் இதை எடுத்தாய் என்று கேட்டேன். ‘பேரைப் பாருங்கள் டீச்சர், கொலை வாள்’ என்றார்.